பதினேழு நிமிட ஒலிப்பதிவு: ஒரு விரிவுரையாளர் வேலை பற்றிய நிகழ்வு ஆய்வு

களஆய்வுக்குப் புறப்படுகிற மாணவர்கள் என்னிடம் வந்து கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான். "மிஸ், எத்தினை பேரைப் பேட்டி எடுத்தாக் காணும்?" அதற்கு நேரே பதில் சொல்லாமல் நான் ஒரு கதை சொல்வதுண்டு. மட்டக்களப்புக்கு வடக்கே வாகரைப் பக்கத்தில் ஒரு சடங்கு, ஒரு ரெக்கோடர், அதனால் வந்த வினை. வருடாவருடம் சொல்லிச் சொல்லி அந்தக் கதை எனக்குச் சாதகமாகக் கொஞ்சம் கொஞ்சமாக வளைந்துகொண்டு போவதைப் போன வருடம்தான் கவனித்தேன். ஒரு தொகுதிப் பிள்ளைகளுக்கு "தவறுதலாக நடந்துவிட்டது" என்றிருக்கிறேன். இன்னொரு தொகுதிக்கு "பட்டன் சரியாக அமரவில்லை". ஆகவே ஒரு தடவை உள்ளதை உள்ளபடி எழுதி வைக்கிறேன். நிகழ்வு ஆய்வு என்றால் எழுதுகிறவர் ஒதுங்கி நிற்பதுதான் வழக்கம். இங்கே ஆய்வுக்குரிய ஆளே நான்தான்.

ஊரின் பெயரை எழுதப் போவதில்லை. காரணம் போகப் போக விளங்கும். இலங்கையின் கிழக்கில் வந்தாறுமூலையில் ஒன்றும் ஒலுவிலில் ஒன்றுமாக இரண்டு அரச பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. நான் எங்கே படிப்பிக்கிறேன் என்பதும் இந்தக் கதைக்கு வேண்டியதில்லை.

மூன்று பெயர்கள்

சமூக நீதி, பூர்வகுடிக் கற்கை, பண்பாட்டிடைக் கற்கை. என் நேர அட்டவணையில் இருப்பவை இவை மூன்றும். வெளிநாடுகளில் இவற்றைச் சேர்த்து ஒரு துறையாகவே நடத்துகிறார்கள். நம்மிடம் ஒவ்வொரு பெயரும் வாசற்படியிலேயே ஒரு சிக்கலோடு நிற்கிறது.

சமூக நீதி என்ற சொல்லைத் தமிழ்நாட்டில் சொன்னால் இடஒதுக்கீடு நினைவுக்கு வரும். மட்டக்களப்பில் முதலாம் ஆண்டு வகுப்பில் கேட்டுப் பாருங்கள்: காணி என்பார்கள், காணாமல் ஆக்கப்பட்டோர் என்பார்கள். வந்தாறுமூலை வளாகம் 1990இல் அகதி முகாமாக இருந்தபோது, செப்டெம்பர் 5ஆம் திகதி அங்கிருந்து கொண்டுசெல்லப்பட்ட 158 பேர் திரும்பி வரவில்லை. அப்படியான மண்ணில் நின்றுகொண்டு நீதிக்கு வரைவிலக்கணத்தைப் பலகையில் எழுதுவது கொஞ்சம் கூச்சமான வேலை.

பூர்வகுடி இன்னும் இக்கட்டு. "நாங்கள் இந்த மண்ணின் பூர்வகுடிகள்" என்பது தமிழ் அரசியல் மேடையில் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த வசனம். அப்படியானால் வாகரையில் இருக்கிற வேடர் யார்? ஒரு மாணவி இதை வகுப்பில் கேட்டுவிட்டாள். அன்றைக்கு மணி அடித்தது என் அதிர்ஷ்டம். பத்திரிகைகள் ஆதிவாசிகள் என்கின்றன, மேடையில் பேசுகிறவர்கள் வேடுவர் என்கிறார்கள். அந்த ஊர்க்காரர் தங்களைச் சொல்வது வேடர் என்றுதான். அங்குள்ள இளைஞர்களில் சிலர் இதில் ஒன்றுமே வேண்டாம் என்கிறார்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும் இடத்தில் அந்தச் சொல்லால் என்ன நடக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

எனக்கும் தெரிந்திருக்க வேண்டும். நான் எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவிலே கிடக்கிற ஒடுங்கிய நிலத்தில் பிறந்தவள். தலை வாராமல் முற்றத்தில் நின்றால் "என்னடி இது வேடச்சி மாதிரி" என்பார் அம்மம்மா. அந்த வசவுக்கு உரியவர்களாக உண்மையிலேயே ஆட்கள் இருக்கிறார்கள், நம்மைப் போலவே தமிழ் பேசுகிறார்கள், எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறினால் அவர்களின் வாசலில் இறங்கலாம் என்பது பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு வரும்வரைக்கும் எனக்குத் தெரியாது.

களம்

வாழைச்சேனை, ஓட்டமாவடி கடந்து திருகோணமலை வீதியில் போனால் காயான்கேணி, மாங்கேணி, பனிச்சங்கேணிப் பாலம், வாகரை. அதற்கும் அப்பால் பால்ச்சேனை, கதிரவெளி, வெருகல். இந்தக் கரையை ஒட்டியும் உள்ளே குளங்களை ஒட்டியும் கரையோர வேடரின் ஊர்கள் இருக்கின்றன. உள்நாட்டு வேடரின் ஊரான தம்பானையில் சுற்றுலாப் பயணிகள் பார்ப்பது போலத் தோளில் கோடரியை எதிர்பார்த்து வருகிறவர்கள் ஏமாந்து போவார்கள். சாரமும் சேட்டும்தான். களப்பில் அத்தாங்கு வலை போடுவார்கள், இறால் பிடிப்பார்கள், பருவத்தில் தேனுக்குப் போவார்கள், கொஞ்சம் சேனைப் பயிர், மிச்ச நாளில் கூலி. வித்தியாசம் தெரிவது சடங்கில். குமார தெய்வமும், உத்தியாக்கள் என்று அவர்கள் அழைக்கிற மூதாதையரும் இறங்கி வந்து ஆடுகிற இரவுகளில்.

சார்ள்ஸ் செலிக்மனும் மனைவி பிரெண்டாவும் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய பெரிய நூலில் இந்தக் கரைக்காரருக்கும் ஓர் அத்தியாயம் கிடைத்தது. தமிழரோடு கலந்துபோனவர்கள் என்பது அவர்கள் பார்வை. அதே 1911 குடிசன மதிப்பீட்டில் நாடு முழுவதும் வேடர் 5,332 பேர். 1953இல் 803. 1963இல் 400. இப்படிப் பார்த்தால் ஒரு இனமே கண்முன் அழிந்துபோனது போலத் தெரியும். அழியவில்லை. கேட்கிறவர் எந்தப் பெட்டியைக் காட்டுகிறாரோ அந்தப் பெட்டிக்குள் ஆட்கள் போனார்கள். சிங்களம் பேசியவர் சிங்களவர் என்றும், தமிழ் பேசியவர் தமிழர் என்றும் பதியப்பட்டார்கள். 2012 மதிப்பீட்டின் முடிவுகளில் இலங்கைச் செட்டிக்கும் பரதருக்கும்கூடத் தனி நிரல் உண்டு. வேடருக்கு இல்லை. நான் அந்த ஊருக்கு முதன்முதலாகப் போனதும் அதே வருடம்தான்.

2012

அப்போது நான் தற்காலிக உதவி விரிவுரையாளர். யூலை 4 தொடங்கி ஒக்டோபர் 12 வரைக்கும் நாடு முழுவதும் பல்கலைக்கழக ஆசிரியர்களின் வேலைநிறுத்தம். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்பது முக்கியக் கோரிக்கை. நிரந்தரக்காரர் ஊர்வலம் போனார்கள். நான் வகுப்பும் இல்லாமல், அடுத்த வருடம் வேலை இருக்குமா என்றும் தெரியாமல், வாகரை பஸ்ஸில் ஏறினேன். முதுநிலை ஆய்வுக்கு ஒரு களம் தேவை. அது இருந்தால் நிரந்தர நியமனத்துக்கு விண்ணப்பிக்கலாம். வேறு உயர்ந்த நோக்கம் எதுவும் இருந்ததாக எனக்கு ஞாபகமில்லை.

முதல் நாள் என்னைத்தான் பேட்டி எடுத்தார்கள். எந்த ஊர், அம்மா எந்த இடம், என்ன குடி. மட்டக்களப்பில் குடி என்கிற குலப்பிரிவு தாய்வழியாக வருவது. அதைச் சொன்னால் சொன்ன ஆளைக் கொண்டுபோய் ஒரு வரைபடத்தில் ஊசி குத்தி வைத்துவிடலாம். நான் சொன்னேன். சடங்கை நடத்துகிற பூசாரியான கட்டாடியார் ஒரு நிமிடம் என்னைப் பார்த்துவிட்டு, "உங்கட ஆக்கள் எங்களோட இருந்து தண்ணி குடிக்க மாட்டினம், தெரியுமா?" என்று கேட்டார். கோபமாக அல்ல, மழை வருமா என்று கேட்கிற மாதிரி. அவருடைய தங்கச்சி ஒரு செம்பில் தண்ணி கொண்டு வந்து வைத்தார். குடித்தேன். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒப்புதல் படிவத்தில் அவர் கையெழுத்துப் போட்டது மூன்றாவது பயணத்தில். தமிழ் வாசிப்பார். ஒவ்வொரு சொல்லாக விரல் வைத்து வாசித்துவிட்டுத்தான் போட்டார். "கல்வி ஆய்வு நோக்கத்துக்காக மட்டும்" என்ற வரியில் விரல் கொஞ்ச நேரம் நின்றது. "அப்பிடியெண்டா?" என்றார். "நான் எழுதிப் பாஸ் பண்றதுக்கு" என்றேன். அவருக்குத் திருப்தி. அது பொய்யும் இல்லை.

சடங்கு இரவு. பச்சைக் கொப்பு வெட்டிப் போட்ட பந்தல், மடை என்கிற படையல், வெற்றிலை, உடுக்கு. பனையோலைப் பாயில் ஒரு ஓரமாக நான். உள்ளங்கையளவு டிஜிட்டல் ரெக்கோடர், பதிவாகும்போது சின்னச் சிவப்பு விளக்கு எரியும். பின்னிரவில் ஒரு கட்டம் முடிந்து உடுக்கு நின்றது. பெண்கள் எழும்பி வெளியே போனார்கள். கட்டாடியார் என் பக்கம் திரும்பி, "இனிக் காணும் மகள். அத நிப்பாட்டு. நீ இரு, அது வேணாம்" என்றார்.

நான் நிப்பாட்டவில்லை.

கையால் மறைத்துத் துணிப்பைக்குள் வைத்தேன். சிவப்பு விளக்கு பைக்குள் எரிந்துகொண்டிருந்தது. பட்டன் எல்லாம் நன்றாகவே அமர்ந்தது. அமர்த்தத்தான் இல்லை. அடுத்து நடந்தது பதினேழு நிமிடம். பாட்டும் அல்ல, பேச்சும் அல்ல. பெயர்களும் இடங்களும் வழிகளும் வருகிற ஒரு அழைப்பு. அதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

ஆய்வேட்டில் எழுதினேன். பைக்குள் இருந்து வந்த மங்கலான ஒலியை ஹெட்ஃபோன் போட்டு நாற்பது தடவையாவது கேட்டு, எழுத்தெழுத்தாக இறக்கி, பின்னிணைப்பு மூன்று என்று கட்டினேன். கேட்க முடியாத இடங்களில் "தெளிவில்லை" என்று அடைப்புக்குறி போட்டேன். மேற்பார்வையாளர் அதை வாசித்துவிட்டு, இது ஒன்றே போதும் உங்களுக்கு என்றார். போதுமாகத்தான் இருந்தது. 2015இல் பட்டம், அதன் பலத்தில் நிரந்தரம், அதே பின்னிணைப்பைச் சுற்றி ஒரு கட்டுரை, ஒரு வெளிநாட்டு ஆய்விதழில். கட்டாடியார் அடுத்த வருடம் காலமானார். செத்தவீட்டுக்குப் போய் ஒரு பகல் இருந்துவிட்டு வந்தேன்.

மேடை

2017இல் ஒரு நாள் கட்டாடியாரின் மகன் தொலைபேசியில் அழைத்தார். வணக்கம் இல்லை, சுகம் விசாரிப்பு இல்லை. "ஃபேஸ்புக்கில ஒண்டு போகுது, பாத்தீங்களா மிஸ்?"

பார்த்தேன். எங்கோ ஒரு பாடசாலைக் கலைப்போட்டி. பிள்ளைகள் முகத்தில் கரி பூசி, இடுப்பில் இலை கட்டி, கையில் அம்பும் வில்லுமாக. அந்த ஊரில் யாரும் எக்காலத்திலும் உடுத்தாத உடுப்பு. பின்னால் ஓகன், தாளப் பெட்டி. வாயில் பின்னிணைப்பு மூன்று. வரிக்கு வரி. நான் "தெளிவில்லை" என்று விட்ட இடத்தில் நிகழ்ச்சியைத் தயாரித்தவர் "ஓகோ ஓகோ" என்று போட்டு நிரப்பியிருந்தார். முதலாம் இடம் கிடைத்ததாம்.

தயாரித்தவர் என்னிடம் படித்த பிள்ளை. நூலகத்தில் ஆய்வேட்டை எடுத்திருக்கிறார். மேடையில் நன்றி சொல்லும்போது என் பெயரையும் சொல்லியிருக்கிறார், மரியாதையாக. அவரைக் குறை சொல்ல எனக்கு எந்த வழியும் இல்லை. அச்சில் இருப்பதை எடுத்தார், மூலத்தையும் சொன்னார். நாங்கள் வகுப்பில் படிப்பித்ததைத்தான் செய்தார்.

மகன் சொன்னது இவ்வளவுதான். "அது அப்பாட வாய். உங்கட கையாலதான் வெளிய போயிருக்கு." வைத்துவிட்டார்.

பிழை எங்கே

கையெழுத்து இருக்கிறதே என்ற எண்ணம்தான் எனக்கு முதலில் வந்தது. வெட்கமாக இருந்தாலும் எழுதுகிறேன். படிவத்தை எடுத்துப் பார்த்தேன், திகதி சரி, கையெழுத்து சரி. ஒரு நீதிமன்றத்தில் நான் தப்பிவிடுவேன்.

இதே நிம்மதியோடு இருந்தவர்கள் வேறு இடத்திலும் உண்டு. அமெரிக்காவின் கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கில் வாழும் ஹவசுபாய் மக்களிடம் 1990 முதல் அரிசோனா அரச பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்கள் இரத்தம் எடுத்தார்கள். சலரோகம், அதாவது நீரிழிவு, அந்த மக்களை வாட்டியது. அதற்காகத்தான் என்று எண்ணி அவர்கள் கையை நீட்டினார்கள். அதே இரத்தம் மனச்சிதைவு நோய், நெருங்கிய உறவுத் திருமணம், அவர்களின் முன்னோர் எங்கிருந்து வந்தார்கள் என்பது வரைக்கும் பல ஆய்வுகளுக்குப் போனது. 2003இல் அந்தச் சமூகத்துப் பெண் ஒருவர் பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வேட்டு விரிவுரையைக் கேட்கப் போன இடத்தில்தான் விசயம் வெளிவந்தது. வழக்குப் போட்டு, 2010இல் 41 பேருக்கு 7 இலட்சம் டொலரும் மிஞ்சியிருந்த இரத்த மாதிரிகளும் திரும்பக் கிடைத்தன. அங்கேயும் படிவம் இருந்தது, கையெழுத்தும் இருந்தது.

என் விசயத்தில் இரத்தம் இல்லை, ஊசி இல்லை. ஆனால் ஒப்புதல் என்பதை நான் காணி உறுதி மாதிரி நினைத்திருந்தேன், ஒருமுறை எழுதினால் தலைமுறைக்கும் செல்லும் என்று. கட்டாடியார் அதைச் சமையலறைக்குள் விடுகிற அனுமதி மாதிரி நினைத்தார். வா, இரு, சாப்பிடு, இப்போது எழும்பு. "நிப்பாட்டு" என்ற சொல்தான் அவருடைய உண்மையான படிவம். அதை நான் மீறினேன்.

பூர்வகுடி மக்களின் உரிமைகள் பற்றிய ஐ.நா. பிரகடனம் 2007 செப்டெம்பர் 13இல் 144 நாடுகளின் ஆதரவோடு நிறைவேறியது. இலங்கையும் ஆதரித்தது. தங்கள் பண்பாட்டுச் செல்வத்தையும் மரபறிவையும் கையாளுகிற அதிகாரம் அந்த மக்களுக்கே என்கிறது 31ஆம் உறுப்புரை. வகுப்பில் அதை நான் 2014இலிருந்து படிப்பித்து வருகிறேன். பின்னிணைப்பு மூன்றைத் தட்டச்சுச் செய்ததும் அதே 2014இல்தான். இரண்டும் ஒரே மேசையில் நடந்தன, ஒன்றோடொன்று பேசவில்லை.

காணி எங்கே?

ஊருக்குப் போனேன். திண்ணையில் ஏழெட்டுப் பேர். நான் மன்னிப்புக் கேட்டேன். பைக்குள் சிவப்பு விளக்கு எரிந்ததையும் சொன்னேன். அதைச் சொல்லியிருக்காவிட்டால் அவர்களுக்குத் தெரிந்திருக்காது. நான் மறந்துபோனேன் என்றே நினைத்திருந்தார்கள். மகன் எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

கட்டாடியாரின் தங்கச்சி, அன்றைக்குத் தண்ணி தந்த ஆச்சி, ஆய்வேட்டை மடியில் வைத்துப் புரட்டிக்கொண்டிருந்தார். வாசிக்கத் தெரியாது, படங்களைப் பார்த்தார். அண்ணனின் படத்தில் ஒரு தடவை தடவிவிட்டு, "இவ்வளவு பெரிய புத்தகம். இதில எங்கட காணி இரிக்கா?" என்று கேட்டார்.

இல்லை. இருநூற்றுச் சொச்சம் பக்கத்தில் தெய்வம் இருந்தது, பாட்டு இருந்தது, மடைப் பொருட்களின் பட்டியல் இருந்தது. காணி இல்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் வந்து பெட்டியோடு பேப்பர்களைக் கொண்டுபோனது. அதில் தப்பியவை 2006இல் சண்டையில் ஓடும்போது போயின. திரும்பி வந்தபோது காட்டோரத்தில் எல்லைக் கற்கள் நின்றன. இதையெல்லாம் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஒலிப்பதிவில் இருக்கிறது. "களப் பின்னணி" என்று ஒரு பந்தியில் முடித்துவிட்டேன். சடங்குதான் பெறுமதி, காணி சும்மா பின்னணி என்று எனக்கு யார் சொல்லித் தந்தது என்று யோசித்துப் பார்த்தேன். 1911ஆம் ஆண்டு நூலும் இதே கண்ணால்தான் பார்த்தது.

திருத்தம் ஆறு வருடம் இழுத்தது. சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில் பெரும்பகுதி கடிதம் எழுதுவது. ஏற்றுக்கொள்ளப்பட்ட ஆய்வேட்டில் கை வைக்க முடியாது என்றார்கள். பல்கலைக்கழக மூதவைக்கு எழுதி, குழு அமைத்து, பதினாலு மாதத்துக்குப் பிறகு பின்னிணைப்பு மூன்றை மட்டும் உறையிலிட்டு மூட ஒத்துக்கொண்டார்கள். ஆய்விதழ் ஆசிரியருக்கு என் கோரிக்கை விளங்கவே இல்லை. தரவு பிழையா, திருட்டா? இரண்டும் இல்லை என்றால் ஏன் மீளப்பெற வேண்டும்? "எடுத்த முறை பிழை" என்று எழுதினேன். மீளப்பெற்ற கட்டுரை என்ற முத்திரையோடு அது இப்போதும் இணையத்தில் கிடக்கிறது, என் பெயரோடு.

ஒலிப்பதிவுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பென் ட்ரைவில் கொண்டுபோனேன். கணனி இல்லாத ஊருக்குப் பென் ட்ரைவ்! சிரித்தார்கள், அதுவரைக்கும் நடந்ததில் அது ஒன்றுதான் நல்லது. ஃபோனுக்குப் போடுகிற சின்ன மெமரி காட்டில் மாற்றிக் கொடுத்தேன். பிள்ளைகள் கேட்கலாம் என்று சிலதைப் பிரித்தார்கள். பதினேழு நிமிடம் மகனிடம் மட்டும். என்னிடம் இருப்பதை அழித்துக் காட்டச் சொன்னார்கள். கணனியைத் திறந்து அவர்கள் முன்னால் அழித்தேன். "வேற எங்கயும் இல்லையெண்டு எங்களுக்கு எப்பிடித் தெரியும்?" நியாயமான கேள்வி. பதில் இல்லை. கடைசியில் ஆச்சிதான் தீர்ப்புச் சொன்னார்: "அந்தச் சாமானையே வைச்சிட்டுப் போ." ரெக்கோடர் அங்கேயே நின்றது.

பிறகு காணி. 2018இலிருந்து விட்டுவிட்டு இரண்டு வருடம், பெண்களோடு நடந்தேன். எந்தக் கண்டலடியில் நண்டு, எந்தக் கேணியில் கோடையிலும் தண்ணி, எந்த மரத்தடியில் யாருடைய சவக்குழி, தேனுக்குப் போகிற பழைய வழி எது. இடத்துக்கிடம் பெயர் இருந்தது. இருநூறு பாகத் தூரத்துக்கு ஒரு பெயர் என்று சொன்னாலும் மிகையில்லை. பிறவுண் பேப்பரை ஒட்டி ஒட்டி, பிள்ளைகளின் கலர்ப் பென்சிலால் வரைந்த படம். ஒரே பிரதி. ஒரு வீட்டுத் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. காணி விசயமாக அலுவலகத்துக்குப் போகிற நாட்களில் சுருட்டி எடுத்துக்கொண்டு போகிறார்கள். என்னிடம் பிரதி இல்லை, படம் எடுக்கவும் கேட்கவில்லை.

ஒரு பக்கக் கதை

இடையில் 2019. உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. பல்கலைக்கழகம் திரும்பத் திறந்தபோது என் பண்பாட்டிடைக் கற்கை வகுப்பில் நடுவில் ஒரு வரிசைக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. இந்தப் பக்கம் தமிழ்ப் பிள்ளைகள், அந்தப் பக்கம் முஸ்லிம் பிள்ளைகள். அன்றைக்குப் பாடம் "உரையாடல்". அதைச் சொல்ல வாய் வரவில்லை.

ரெக்கோடர் விவகாரத்துக்கு முன்னால் என்றால் விரிவுரையை நடத்தி முடித்திருப்பேன். ஆச்சியின் கேள்வி மண்டைக்குள் இருந்ததால், ஒரு கடதாசி கிழித்துக் கொடுத்து ஒரே ஒரு விசயம் எழுதச் சொன்னேன்: உங்கள் வீடு யாருடைய பெயரில் இருக்கிறது? வாங்கி வாசித்தேன். அம்மா. அம்மா. தாத்தாவுக்குக் கொடுத்தாச்சு (முஸ்லிம் பிள்ளைகள் அக்காவைத் தாத்தா என்பார்கள்). அக்காவுக்குச் சீதனம். அம்மா. உம்மா. உம்மா. மூத்த தங்கச்சிக்கு. கொழும்பிலிருந்து வந்த ஒரு பிள்ளை மட்டும் அப்பா என்று எழுதியிருந்தது, அதைப் பார்த்து இரண்டு பக்கமும் சேர்ந்து சிரித்தது. பொம்பிளைப் பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுத்து மாப்பிள்ளையை அங்கே கொண்டுவருவது, தாய்வழிக் குடி, கோயிலிலும் பள்ளியிலும் குடிக்கு இத்தனை பேர் என்று பிரதிநிதிகள்: இந்தக் கரையில் இரண்டு சமூகத்துக்கும் இவை பொது. ஒரு முஸ்லிம் மாணவி தன் குடியின் பெயரைச் சொன்னாள். பின்வரிசையில் இருந்த தமிழ்ப் பெடியன் வாய் திறந்து, எங்கட குடிக்கும் கிட்டத்தட்ட அந்தப் பெயர்தான் என்றான். வெறுங்கதிரை அன்றைக்கு நிரம்பவில்லை. அடுத்த கிழமை யாரோ ஒருவர் அதில் பையை வைத்திருந்தார்.

புள்ளிக் கணக்கு

பேராசிரியர் பதவியுயர்வுக்குப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் 916ஆம் இலக்கச் சுற்றறிக்கை ஒரு புள்ளித் திட்டம் வைத்திருக்கிறது. கட்டுரைக்கு இவ்வளவு, நூலுக்கு இவ்வளவு, குழுக்களில் இருந்ததற்கு இவ்வளவு. அந்தச் சுற்றறிக்கை மோசமானது என்று நான் சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் யாருக்குப் பதவி என்பதை யாருடைய மருமகன் என்பது தீர்மானிக்கும். ஆனால் என் கணக்கை அதில் போட்டுப் பார்த்தால் வேடிக்கையாக வரும். பிழையாக எடுத்த பதினேழு நிமிடம் எனக்குப் பட்டம், நியமனம், கட்டுரை எல்லாம் தந்தது. அதைச் சரிசெய்த ஆறு வருடம் ஒரு புள்ளியும் தரவில்லை, இருந்த ஒரு கட்டுரையையும் கழித்தது. தகரப் பெட்டிப் படத்துக்கு எந்த நிரலும் இல்லை. அதை நிரலில் போட வேண்டுமானால் பிரசுரிக்க வேண்டும். பிரசுரித்தால் நண்டுக் கண்டலடி எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

எனக்குப் பேராசிரியராக ஆசை இல்லை என்று யாரும் நினைக்க வேண்டாம். இருக்கிறது. என்னோடு சேர்ந்தவர்களில் இருவர் ஆகிவிட்டார்கள், அவர்களின் அழைப்பிதழ்களை நான் சிரித்த முகத்தோடுதான் வாங்கினேன், சிரிப்பு வீடு வரைக்கும் தாக்குப் பிடிக்கவில்லை.

2022இல் நாட்டின் பொருளாதாரம் விழுந்தபோது சகபாடிகள் ஒவ்வொருவராகப் புறப்பட்டார்கள். கனடாவில் இருக்கிற சிநேகிதி ஒரு வேலை விளம்பரம் அனுப்பினாள். வதிவிடப் பாடசாலைகளில் பூர்வகுடிப் பிள்ளைகளுக்கு நடந்ததை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் 94 பரிந்துரைகளை வைத்த பிறகு, அங்கே பல்கலைக்கழகங்கள் இந்தத் துறைக்கு ஆள் தேடுகின்றன. விளம்பரத்தில் என்ன கேட்டிருந்தார்கள் தெரியுமா? நீங்கள் சேர்ந்து வேலை செய்த சமூகத்திடமிருந்து ஒரு கடிதம். இங்கே நிரலே இல்லாதது அங்கே முதல் நிரல்.

ஒரு கிழமை யோசித்துவிட்டு கட்டாடியாரின் மகனுக்கு அழைத்தேன். விசயத்தைச் சொன்னேன். அவர் நன்றாகக் கேட்டுவிட்டு, "தாறன் மிஸ். என்ன எழுத வேணும்? ரெக்கோடர் எங்களிட்ட இரிக்கு எண்டு எழுதவா?" என்றார்.

இரண்டு பேரும் சிரித்தோம். முடிவுத் திகதி போய்விட்டது.

போன வருடம்

ஆச்சிக்குச் சுகமில்லை என்று கேள்விப்பட்டுப் போனேன். பாயில் கிடந்தார், என்னை அடையாளம் கண்டு, தண்ணி குடிச்சியா என்று கேட்டார். கட்டாடியாரின் மகன் உள்ளே போய் ஒரு பிஸ்கட் பேணியைக் கொண்டு வந்தார். அதற்குள் துணியில் சுற்றிய ரெக்கோடர். பற்றரி செத்துப்போய் எத்தனையோ காலம், பெரியசாமி தெய்வத்துக்கு மடை வைக்கிற பொடியனுக்கு அந்தக் கட்டத்தைப் பழக்க வேண்டும், எனக்கும் சில இடம் மறந்துபோச்சு என்றார். சின்னப் பற்றரி இரண்டு, அந்த ஊர்க் கடையில் இல்லை. வாகரைச் சந்திக்குப் போய் வாங்கி வந்தேன். போட்டுக் கொடுத்தேன். எதை அழுத்த வேண்டும் என்று காட்டினேன். சிவப்பு விளக்கைத் தொடாதீர்கள், பச்சை மட்டும் என்றேன்.

வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோனார். நான் திண்ணையில், ஆச்சியின் கால்மாட்டில். கோழி ஒன்று குஞ்சுகளோடு உள்ளே வந்து போனது. களப்புப் பக்கமிருந்து எஞ்சின் சத்தம். இருபது நிமிடம் இருக்கும்.

திரும்பி வந்தவர் பேணியை மூடி மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"அப்பா இருமுறாரு மிஸ்," என்றார். "ரெண்டு தரம். உங்களுக்குக் கேட்டதா?"

அந்த இரண்டு இடத்திலும்தான் நான் "தெளிவில்லை" என்று எழுதியிருந்தேன்.